பேசும் போன்: கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் மாலைக்கண் என்றார்கள். முப்பத்து நான்கு வயதுக்குள் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். கடலூர் திருப்பாப்புலியூரில் வீடு, பாண்டியில் வேலை. தினமும் பஸ்ஸில் காதில் இயர்போனும் கையில் போனுமாக நான் திரையைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து, ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: “தம்பி, கண்ணு தெரியாம எப்படி போன் பாக்குற?” பஸ்ஸில் கேட்டவை, அவர்கள் சொல்லி மற்றவர்கள் போனில் கேட்டவை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்று எழுதியது இது.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் போன் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது, எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேன் என்கிறது. வைரஸா?

நம்ப மாட்டீர்கள், எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். வைரஸ் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறது. பெரும்பாலான போன்களில் வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். ஐபோன் என்றால் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்திப் பாருங்கள், பழைய மாடலில் ஹோம் பட்டனை. அதற்கும் அசையவில்லை என்றால் செட்டிங்ஸ் போய்த்தான் அணைக்க வேண்டும். போன் பேசிக்கொண்டிருக்கும்போது விதி வேறு: ஒரு முறை தொட்டால் அது என்ன என்று சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், மேலே கீழே நகர்த்த இரண்டு விரல் வேண்டும்.

மஞ்சக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் இதற்காக ஒரு கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து, போனையே மொத்தமாக அழித்து வாங்கி வந்தார். பேரன் போட்டோ எல்லாம் போயிற்று. மூன்று விநாடி வேலை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது?

இரண்டு ஆள் சேர்ந்து செய்யும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார், அதுதான் திரைவாசிப்பான். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் பலர் வைத்திருக்கும் இலவச என்விடிஏ. இன்னொருவர் கொடுத்த எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறார், அது பேச்சு எஞ்சின். முதல் ஆள் சரியாக இருந்தும் இரண்டாம் ஆளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009-இல் வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கும் டாக்பேக் வந்தது. அதன் பின்னால் இருந்த கூகுள் குழுவில் டி.வி. ராமன் முக்கியமானவர். அவருக்கும் பார்வை கிடையாது. வழவழவென்ற கண்ணாடித் திரை வந்தபோது பட்டன் போனே கதி என்றிருந்த எங்களுக்கு இனி போனே இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆங்கிலத்தை மட்டும் படிக்கிறது. தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. ஏன்?

தமிழ்க் குரல் ஏற்றப்படவில்லை. செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்ஸசிபிலிட்டி), அதற்குள் உரையிலிருந்து பேச்சு (டெக்ஸ்ட் டு ஸ்பீச்) என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே எஞ்சின் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரம் போல ஒரு குறி இருக்கும். அதற்குள் குரல் தரவை நிறுவும் பட்டியலில் தமிழைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனிலும் மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் ‘பேச்சு’ என்று தட்டிப் பாருங்கள்.

குரலை ஒரு முறை இறக்கிவிட்டால் பிறகு நெட் வேண்டாம். இதை வைஃபை இருக்கும்போதே செய்துவிடுங்கள். புயல் நாளில் டவர் போன பிறகு நினைவு வந்து பயனில்லை.

எந்தத் தமிழ்க் குரல் நல்லது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் “மனுஷன் மாதிரி பேசுற குரல்” கேட்பார்கள். கூகுளின் தமிழ்க் குரல் அந்த வகையில் பரவாயில்லை. ஐபோனில் இருக்கும் தமிழ்க் குரலுக்குப் பெயர் வாணி. விண்டோஸில் இருப்பவர் பெயர் வள்ளுவர். கம்பெனிக்காரர்கள் பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை.

நான் பயன்படுத்துவது இஸ்பீக் என்ற பேச்சு எஞ்சின். இலவசம், அளவில் மிகச் சிறியது, நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசும். கேட்டால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும், என் மனைவிக்கு அந்தக் குரலைக் கண்டாலே ஆகாது. ஆனால் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். மனிதக் குரல் வேகத்தில் குழைந்துவிடுகிறது. அது மனிதர் பேசிய பதிவுகளிலிருந்து செய்த குரல். இஸ்பீக் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதால் எவ்வளவு விரட்டினாலும் எழுத்து எழுத்தாகத் தெளிவாக நிற்கும். விரலை வைத்ததும் பேசும், தயக்கம் கிடையாது. நாளெல்லாம் போனோடு மல்லுக்கட்டுபவருக்கு இனிமையைவிட அந்த உடனடி பதில்தான் பெரிது. கதை கேட்கும்போது மட்டும் கூகுள் குரலுக்கு மாறிக்கொள்வேன்.

ஆரம்பத்தில் மெதுவாகவே வையுங்கள். வாரத்துக்கு ஒரு படி ஏற்றினால் போதும். நான் கேட்கும் வேகத்தைக் கேட்டுவிட்டு ஒரு கண்டக்டர் “சார், ரேடியோ கெட்டுப்போச்சு” என்றார்.

தமிழைத் தப்புத் தப்பாகப் படிக்கிறதே?

பாதிக் குற்றம் எஞ்சினுடையது, பாதி நம் எழுத்துமுறையோடு வந்தது. ‘கடல்’, ‘பங்கு’, ‘மகன்’ மூன்றிலும் க இருக்கிறது, மூன்றும் மூன்று ஒலி. இந்த வித்தியாசத்துக்கு விதி உண்டு: சொல்லின் முதலில் வந்தால் இப்படி, மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் அப்படி, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் வேறு மாதிரி. எஞ்சினுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சரியாகவே படிக்கும்.

சிக்கல் விதிக்கு அடங்காத சொற்களில். ‘காந்தி’யின் முதல் எழுத்தும் ‘காற்று’வின் முதல் எழுத்தும் ஒன்றே, வாயில் வருவது வேறு. ‘பஸ்’ஸும் ‘பசி’யும் அப்படித்தான். இதற்கெல்லாம் அகராதி போட்டுச் சமாளிக்கிறார்கள். அகராதிக்கும் அடங்காத இடம் ஒன்று உண்டு: ‘பாவம்’. ஐயோ பாவமா, நடனக்காரர் முகத்தில் வரும் பாவமா? படிக்கும் நமக்கு வாக்கியத்தின் போக்கு சொல்லிவிடும். எஞ்சின் எப்போதும் ஒன்றையே பிடித்துக்கொள்ளும், பரதநாட்டிய விமர்சனம் முழுக்கப் பாவப்பட்டுப் போகும்.

எண்களில் இன்னும் கூத்து. பத்து இலக்க போன் நம்பரை இடைவெளி இல்லாமல் எழுதியிருந்தால் கோடிக் கணக்கில் படிக்கும் எஞ்சின் உண்டு. ஒன்பது, எட்டு என்று இலக்கங்களைக் கேட்க வேண்டிய இடத்தில் ‘தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடியே’ என்று ஆரம்பித்தால் யார் குறித்துக்கொள்வது? டாக்பேக்கில் மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளி ‘எழுத்துகள்’ என்ற நிலைக்கு வாருங்கள். பிறகு ஒரு விரலால் கீழே தள்ளத் தள்ள ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும். ழ, ள, ல சந்தேகம் வந்தாலும் இதே வழி.

ஆங்கிலக் குரலில் ஊர்ப்பெயர் கேட்பது தனி அனுபவம். ஆங்கில எழுத்தில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூரை (திருப்பாப்புலியூரின் முழுப்பெயர்) அது உருட்டிப் புரட்டி எடுப்பதற்குள் ரயிலே வந்துவிடும்.

வாட்ஸ்ஆப்பில் பாதிச் செய்திக்கு “படம்” என்று மட்டும் சொல்கிறது. என் போனில் கோளாறா?

இல்லை. அனுப்பியவர் எழுத்தை அனுப்பவில்லை, எழுத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். உங்கள் கண்ணுக்கு அது எழுத்து, போனுக்கு வெறும் புள்ளிக் கூட்டம். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, கரண்ட் கட் அறிவிப்பு, எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் எங்கள் தெரு குரூப்பில் ஒரு மணி நேரத்துக்குள் முப்பது செய்தி வந்தது. என் போன் சொன்னது: படம், படம், முன்னனுப்பிய படம், படம். எந்த ரோட்டில் தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எந்த நம்பருக்குப் பேசுவது எல்லாம் அந்தப் படங்களுக்குள் இருந்தன. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து வாசித்தான்.

இதே கடற்கரையில் இதைவிட நல்ல ஏற்பாடு முன்பே இருந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பாண்டிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுக் கடலுக்குப் போனார்கள். 2004 சுனாமி அன்று காலை நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது, கடல் பொங்குகிறது, ஊரைக் காலிசெய்யுங்கள் என்று. அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், கண் இருப்பவர், இல்லாதவர், யாராக இருந்தாலும் காதில் விழுந்தது. இப்போது எல்லார் கையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது, அதற்குள் படத்தைப் போட்டு அனுப்புகிறோம்.

சமாளிக்க வழி இருக்கிறது. கூகுள் லென்ஸ் படத்திலிருக்கும் தமிழ் எழுத்தை ஓரளவு எடுத்துத் தரும். லுக்அவுட், சீயிங் ஏஐ போன்ற செயலிகளும் உண்டு. இப்போது சில போன்களில் டாக்பேக்கே படத்தை விவரிக்கிறது. ஆனால் தேதி, போன் நம்பர், தொகை ஆகியவற்றை மட்டும் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 3-ஐ 8 என்று படித்துவிட்டுக் கொஞ்சமும் தயங்காமல் சொல்லும்.

அலுவலக பிடிஎஃப் ஒன்றைத் திறந்தால் “ஜே கே பி ஓ” என்று உளறுகிறது.

அந்த உளறலுக்கு அர்த்தம் உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டுவார்கள். திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பேச்சு எஞ்சின் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும். எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யுனிகோட் முறையில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டிடிபி சென்டர்களில் பழைய பழக்கம் விடவில்லை. இப்படி ஒரு கோப்பு வந்தால் அதன் எழுத்தை நகலெடுத்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டுங்கள். தமிழாக வந்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது படம்தான், முந்தைய பதிலைப் பாருங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்பினால்?

“எப்டி இருக்கீங்க” என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் என் போன் அதை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு படிக்கும். பழகியவர்களின் செய்தியை ஊகித்துவிடுவேன், புதியவர்களுடையது புதிர்தான். தமிழில் தட்ட நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள், கீபோர்டிலுள்ள மைக் அதைத் தமிழ் எழுத்தாக்கிவிடும். கும்பிடும் கை எமோஜி பதினைந்து வேண்டாம். ஒன்று போதும்.

ஜிபே, போன்பே எல்லாம் செய்கிறீர்களா? பயமில்லையா?

செய்கிறேன். கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) மார்க்கெட்டில் மீன் வாங்கினால்கூட அதுதான். கடைக்காரர் வைத்திருக்கும் பெட்டி “ரூபாய் இருநூறு பெறப்பட்டது” என்று சொல்வதும் இதே போன்ற இயந்திரக் குரல்தான். அவருக்கு எவ்வளவு நிம்மதியோ எனக்கும் அவ்வளவு, தொகை சரியாகப் போனது என்று இரண்டு பேர் காதிலும் விழுகிறது.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். பின் நம்பர் தட்டும்போது காதில் இயர்போன் இருக்கட்டும், இல்லையென்றால் உங்கள் விரலடியில் உள்ள எண்ணைப் போன் ஊருக்கே சொல்லும். இயர்போனும் ஒரு காதில் மட்டும், மற்றது ரோட்டுக்கு. அடுத்தது, அணுகல்தன்மை அனுமதி. டாக்பேக் போன்றவை வேலை செய்ய அந்த அனுமதி வேண்டும், திரையில் உள்ளதெல்லாம் அதற்குத் தெரியும். அதனால்தான் திருடர்களும் அதையே கேட்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய செயலி, வங்கி பெயரிலோ கல்யாணப் பத்திரிகை பெயரிலோ வந்து அந்த அனுமதியைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூன்றாவது, இந்தப் பயத்தால் சில வங்கிச் செயலிகள் நியாயமான திரைவாசிப்பானையே சந்தேகப்பட்டு நின்றுவிடும். அப்போது வங்கிக்குப் புகார் எழுதுங்கள், டாக்பேக்கை அணைக்காதீர்கள்.

கையில் ரொக்கம் இருந்தால் ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி உண்டு. கேமரா முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், நெட் தேவையில்லை. ஆனால் நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று அதற்குத் தெரியாது.

வங்கிக் கணக்குக்கு ஆளைச் சரிபார்க்கப் போனில் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். பார்வையில்லாதவர் என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. வட்டத்துக்குள் முகத்தை வை என்றது. வட்டம் எங்கே என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கிளையில் மறுத்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் மேனேஜர் குரல் மாறும்.

கதைப் புத்தகம் கேட்க முடியுமா?

தாராளமாக. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்கப் பாட்டு முதல் பாரதி வரை யுனிகோடில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழ் விக்கிமூலத்திலும் நாட்டுடைமை நூல்கள் ஏராளம். பாரதி பத்து ஆண்டு இருந்த ஊரில் வேலை பார்க்கிறேன், அவர் பாட்டை இயந்திரம் வரவுசெலவுக் கணக்கு போல வாசிக்கக் கேட்பது கொஞ்சம் கொடுமைதான். உரைநடைக்குக் குறையில்லை. பார்வைக் குறை உள்ளவர்களுக்காகப் புத்தகத்தைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றுவதை எளிதாக்கிய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. அதற்குப் பிறகு 2016-இல் வந்ததுதான் ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகம். உறுப்பினரானால் இறக்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்குக் கண் தெரியும், படிக்கத்தான் வராது. டாக்பேக் போடலாமா?

வேண்டாம், குழம்பிவிடுவார். ஆண்ட்ராய்டில் ‘தேர்ந்தெடுத்துப் பேசு’ வகை வசதி தனியாக இருக்கிறது. திரை ஓரத்தில் ஒரு குறி வரும், அதைத் தொட்டுவிட்டு வேண்டிய வரியைத் தொட்டால் படித்துக்காட்டும், மற்றபடி போன் வழக்கம்போல் இருக்கும். ஐபோனில் ‘திரையைப் பேசு’ என்பதை ஆன் செய்து, இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்தால் போதும். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள், சின்ன எழுத்தோடு போராடும் பெரியவர்கள், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

சார்ஜ் சீக்கிரம் இறங்குமா?

எனக்கு இறங்காது. பிரைட்னஸ் பூஜ்யத்தில்தான் இருக்கும். வெளிச்சம் யாருக்கு?

போன் இலவசமாகக் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் பார்வையற்றோருக்குத் தக்க செயலியோடு கைபேசி வழங்கும் திட்டம் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விசாரியுங்கள். பாண்டிக்காரர்கள் போக வேண்டியது சமூக நலத் துறைக்கு. யாரும் கமிஷன் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

போன் எடுக்க, பேச, வைக்க ஒரு நாள். வாட்ஸ்ஆப் ஒரு வாரம். தட்டச்சு ஒரு மாதம். முதல் மூன்று நாள் போனைத் தூக்கிக் கெடில ஆற்றில் போடலாம் போல இருக்கும். பண்ருட்டிப் பக்கத்து அக்கா ஒருவருக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். முந்திரிக் கொட்டை உடைத்து விரல் தோல் தடித்துப்போனவர், திரை அவர் விரலை ஏற்கவே இல்லை. நடுவிரலின் பக்கவாட்டில் தொடச் சொன்னேன், வேலை செய்தது. இப்போது எனக்கு முன்னால் அவர்தான் காலை வணக்கம் அனுப்புகிறார்.

உங்களைப் போன்றவர்களுக்கு எப்படிச் செய்தி அனுப்ப வேண்டும்?

படம் அனுப்புங்கள், அழகாக இருக்கட்டும். அதற்குக் கீழே நான்கு வரி தட்டிவிடுங்கள். போன வாரம் வந்த ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன்: “மாமா, வர்ற ஞாயிறு பாப்பாவுக்குக் காதுகுத்து. காலை ஒன்பது மணி, பாடலீஸ்வரர் கோயில். சாப்பாடு வீட்ல. ஆட்டோ அனுப்புறேன், எட்டரைக்கு ரெடியா இருங்க.” அனுப்பியது எட்டாவது படிக்கும் என் அக்கா மகள். அதே விசேஷத்துக்கு அவள் அப்பா அனுப்பியது, “படம்”.